எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

ஆன்சியின் நோட்டில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது வகைப் பறவைகள் இருந்தன. எல்லாமே திருச்சி மாவட்டத்துக்குள் பார்த்தவை. அது அவளே போட்டுக்கொண்ட சட்டம். மேலப்புதூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க் வேலை. ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் பறவைதான். அதற்காகவே சனிக்கிழமை சாயங்காலமே சர்ச்சில் பூசை கண்டுவிடுவாள்.

இந்த ஏப்ரல் ஞாயிறன்று வையம்பட்டி தாண்டி மலைகளுக்கு நடுவே இருக்கும் அணைக்கு வந்திருந்தாள். தேடி வந்தது விராலடிப்பானை. தண்ணீரில் பாய்ந்து மீன் தூக்கும் பருந்து. பனிக்காலத்தில் வந்து, வெயில் ஏறியதும் வடக்கே போய்விடும். இப்போது விட்டால் ஐப்பசிதான். கூட வந்தவர் ஜெகபர் சாதிக், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டுகிறவர்.

எட்டு மணிக்கே கண்ணில் பட்டுவிட்டது. அக்கரையில் ஒரு பட்டமரத்தில் உட்கார்ந்திருந்தது. அக்கரை கரூர் மாவட்டம்.

“எழுதுங்க மேடம், இருநூறு” என்றார் சாதிக்.

“அது கரூர்ல இருக்கு பாய்.”

“நீங்க நிக்கிறது திருச்சிலதானே?”

“பறவை இங்க வரணும்.”

“அப்ப அதுக்கு ஒரு ஆதார் கார்டு எடுத்துக் குடுத்துருவோம்.”

எல்லை தண்ணீருக்கு நடுவில் போகிறது. அணை நிறைந்திருந்தால் யார் கண்டது, குத்துமதிப்பாக எழுதிக்கொள்ளலாம். இப்போது தண்ணீர் இறங்கி, முங்கிக் கிடந்த எல்லைக்கற்கள் இரண்டு தலை நீட்டியிருந்தன. ஒன்றின் மேல் நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

காத்திருந்தார்கள். எலுமிச்சை சோறு தீர்ந்தது. பைனாகுலர் பிடித்த கை கடுத்தது. பதினொன்றரைக்குப் பறவை எழுந்தது. நேராக இக்கரையைப் பார்த்தே வந்தது. அந்தரத்தில் நின்று படபடத்தது. காலை முன்னே நீட்டிக்கொண்டு விழுந்தது. தண்ணீர் வாரியடித்தது. மீனோடு எழும்பி, ஒரு உதறு உதறி, பட்டமரத்துக்கே திரும்பிப் போனது.

“நம்ம பக்கம்தான் விழுந்துச்சு” என்றார் சாதிக். “சத்தியமா நான் பாத்தேன்.”

“நீங்க அப்ப டப்பாவ மூடிட்டு இருந்தீங்க.”

“சரி, மீனாவது திருச்சி மீனா இருக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அலை இன்னும் வட்டம் வட்டமாக விரிந்துகொண்டிருந்தது. அது எல்லைக்கல்லில் மோதியது அந்தப் பக்கத்திலிருந்து, கரூர்ப் பக்கத்திலிருந்து. நீர்க்காகம் லேசாக நகர்ந்து உட்கார்ந்தது.

அக்கரையில் பருந்து மீனைக் கிழித்துத் தின்ன ஆரம்பித்திருந்தது. ஆன்சி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். மேலே ‘கரூர் மாவட்டம்’ என்று எழுதிக் கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே, 1. விராலடிப்பான்.