இடக்கை டாக்டர்

கைக்குழந்தையாக இருந்தபோது அடுப்பில் விழுந்து வெந்த என் வலது கை, பத்தொன்பது வயது வரை மூடிய முட்டியாகவே இருந்தது. விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிவிட்டன. சாப்பிடுவது, எழுதுவது, அண்ணனை அடிப்பது எல்லாம் இடது கையால்தான். கல்யாண வீடுகளில் மட்டும் அந்த இடது கையால் யாருக்கும் தாம்பூலம் கொடுக்க அம்மா விடமாட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் டாக்டர் ரங்கூனுக்கு வந்தார். தீயில் சுருங்கிய கைகளைப் பிரித்துத் தோல் ஒட்டும் அறுவைச் சிகிச்சையைத் தன் நாட்டில் முதலில் செய்த பெண்களில் ஒருவர் என்றார்கள். ரங்கூனிலேயே நாங்கள் குடியிருந்த பசுந்தாங் பேட்டையிலிருந்து நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போனோம். டாக்டர் ஆறடி உயரம், நரைத்த கிராப்பு. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெட்ட வேண்டிய இடத்தில் பேனாவால் கோடு போட்டார், இடது கையால்.

அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். "வாடி, வூட்டுக்குப் போவலாம். பீச்சாங்கையால கத்தி வச்சா வெளங்குமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் டாக்டர் ஊருக்குப் போய்விடுவார். அவரை விட்டால் என் கைக்கு வேறு ஆள் இல்லை. பர்மிய நர்ஸ் என்னவென்று கேட்க, வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன். அவள் அதை அப்படியே ஆங்கிலத்தில் டாக்டரிடம் போட்டு உடைத்தாள்.

டாக்டர் சிரித்தபடி ஸ்டூலை இழுத்து அம்மா எதிரே உட்கார்ந்தார். அவர் சொன்னதை நர்ஸ் பர்மிய மொழியில் சொன்னாள். பள்ளியில் வாத்தியார் இந்தக் கையைக் கட்டிப் போட்டாராம். பெண், அதிலும் இடக்கைக்காரி என்று பெரிய டாக்டர்கள் பல காலம் கத்தியையே தரவில்லையாம். கத்தரிக்கோல்கூட வலக்கைக்காரர்களுக்கே செய்ததாம். தன் கைக்கென்று ஒன்று செய்யச் சொல்லி வாங்கி, கசாப்புக் கடைப் பன்றிக்கால்களை வீட்டுச் சமையலறையில் வைத்துத் தைத்துப் பழகினாராம்.

அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னப் புள்ளையப் போயா கட்டிப் போட்டானுவ?" என்றாள். பிறகு, பெண் டாக்டர்களை நாங்கள் கூப்பிடும் பர்மிய வார்த்தையில், "சரி சயாமா, ஒங்க கையாலயே செய்ங்க" என்றாள்.

டாக்டர் ஊருக்குப் போன பிறகுதான் கட்டைப் பிரித்தார்கள். ஐந்து விரல்களும் தனித்தனியாக நின்றதைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். வீட்டில் அம்மா சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றி, நான் வலது கையால் சாப்பிடுவதைப் பார்க்க எதிரே உட்கார்ந்தாள். புது விரல்களில் சோறு நிற்கவில்லை; மடியெல்லாம் சிந்தியது. நல்ல பசி. இடது கை தன்னால் தட்டுக்குப் போக, அம்மா முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

"எந்தக் கையா இருந்தா என்னாடி," என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "வவுறு நெறைய சாப்புடு."