வெள்ளையடித்த வேடியப்பன்

ஐந்தாவது வரைதான் படித்தேன். அதனால் எந்த வருஷம், எந்தத் தேதி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மலைக்கு மேலே பஸ் வர ஆரம்பித்திருந்தது. தங்கிப் படிக்கிற பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் நான் சமையலுக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். அது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த வருஷம் போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சரித்திர வாத்தியார் வந்தார். சமையல்கட்டுக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான். டில்லி ராஜா, தஞ்சாவூர் ராஜா எல்லாரையும் நானும் கேட்டுக்கொண்டேதான் அரிசி களைவேன். ஒருநாள் ஒரு பிள்ளை எழுந்து, "நம்ம மலையில யாருமே இல்லியா சார்?" என்று கேட்டது. வாத்தியார் அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம், உங்கள் ஊரில் எழுத்து வெட்டின கல் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார். என்னிடமும் கேட்டார். நான் பருப்பைக் கடைந்துகொண்டே, "எங்க ஊர்ல வேடியப்பன் கல்லு இருக்குதுங்க. சாமி தலைக்கு மேல கிறுக்குன மாதிரி என்னாவோ இருக்கும்" என்றேன். அந்த வாத்தியாரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசினது அதுதான் முதல் தடவை.

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அது சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல்லாம், எழுத்து ஆயிரம் வருஷத்துக்கும் மேலே பழசாம். வேலூர் போய், அந்தக் காலத்து எழுத்தையெல்லாம் ஒரு பெரிய தாளில் எழுதிக் கொண்டுவந்து வகுப்பில் மாட்டினார். பிள்ளைகளை அழைத்துப் போகப் பெரிய வாத்தியாரிடம் கேட்டபோது நான் டீ கொடுக்கப் போயிருந்தேன்.

"ஊர் சுத்தறதுக்குப் பேரு சரித்திரமா?" என்றார் பெரியவர். "ஒரு நாள் தர்றேன். எழுத்தைப் படிச்சு எடுத்துட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம். சும்மா திரும்பி வந்தா இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

போகிற நாளுக்கு இரண்டு நாள் முன்னால், சந்தையில் என் ஓரகத்தியைப் பார்த்தேன். என் புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. அந்த அண்ணன்தான் வேடியப்பனுக்குப் பூசாரி. "வாத்தியாரு புள்ளைங்கள கூட்டினு வர்றாருக்கா. சாமி இருக்கற எடத்த சுத்தமா வெச்சிருக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தேன். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை அது.

சனிக்கிழமை விடியற்காலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர். வாத்தியார் முன்னால் போனார், கையில் சுருட்டின தாள், மடித்த துணியில் கரித்தூள். கல்மேல் தாளை வைத்துக் கரியைத் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் வந்துவிடுமாம். நான் கடைசியில் போனேன். பாதி வழியில் ஓடைக்கரையில் ஓரகத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கை வரைக்கும் வெள்ளை வெள்ளையாகத் தெறித்திருந்தது.

"இன்னாக்கா இது?"

"சுண்ணாம்புடி. நேத்து பூரா ஊரே சேர்ந்து கரைச்சோம், எங்க வூட்டுக்காரரு அடிச்சாரு. ஆபீசருங்க வர்றப்ப பள்ளிக்கூடத்துக்கு அடிக்கறாங்க இல்ல, நம்ம சாமி மட்டும் இன்னா கொறஞ்சா போச்சு? மூணு பூச்சு. போய்ப் பாரு, கண்ணு கூசும்."

"எழுத்து மேலயுமா?"

"எந்த எழுத்து?" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்த வழி எனக்கு வழியாகவே தெரியவில்லை. ஓடிப் போய் வாத்தியாரிடம் சொல்லிவிடலாமா என்று நாலு எட்டு வேகமாக வைப்பேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நின்றுவிடுவேன். சோற்றுக் கூடையைத் தலையிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து தலைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தேன். சொன்னது நான்தானே. அந்தப் பிள்ளைகள் ஒரு மாசமாகத் தாளைப் பார்த்துப் பார்த்துத் தரையில் குச்சியால் அந்த எழுத்தை எழுதிப் பழகியிருந்தார்கள்.

போய்ச் சேர்ந்தோம். கல் புது வேட்டி மாதிரி நின்றது. மேலே காவிப் பட்டை வேறு. வாத்தியார் கையிலிருந்த தாளைப் பிரிக்கவே இல்லை. ஊர் ஆண்கள் சிரித்த முகமாக வந்து நின்றார்கள். பூசாரி, "எப்டிங்க சார் இருக்குது?" என்றார். வாத்தியார், "நல்லா இருக்குதுங்க" என்றார். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

கழுவச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தக் கல்லைப் பூசாரி தவிர யாரும் தொடக் கூடாது. வேண்டுதல் இருந்தால்தான் அவரும் கழுவுவார். பெண்கள் புங்கமரத்துக்கு இப்பால் நிற்க வேண்டும். அதோடு பூசாரி எனக்கு மூத்தார். புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவது எங்களில் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளாக அவர் காதில் விழ நான் ஒரு வார்த்தை பேசினதில்லை.

ஓரகத்தி துணி மூட்டையோடு வந்து சேர்ந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குக் கேட்கிற மாதிரி, "அக்கா, எனக்கு ஒரு வேண்டுதல் இருக்குதுன்னு சொல்லு" என்றேன்.

ஓரகத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, இவளுக்கு வேண்டுதலாம்."

பத்தடி தூரத்தில் நின்றவர் புங்கமரத்தைப் பார்த்துப் பேசினார். "இன்னா வேண்டுதல்னு கேளு."

"இன்னா வேண்டுதலாம்டி?"

அதை நான் யோசிக்கவே இல்லை. பிள்ளைகளைப் பார்த்தேன். "இந்தப் புள்ளைங்களுக்குப் படிப்பு வரணும்னு. ஆளுக்கு ஒரு குடம் தண்ணி."

"முப்பத்தெட்டுக் குடமா?" என்றாள் ஓரகத்தி. "ஏன்டி, அந்தச் சாமிக்குச் சளி புடிச்சிக்காதா?"

ஆண்கள் சிரித்துவிட்டார்கள். பூசாரி சிரிக்கவில்லை. "நேத்துதானே பூசினோம், இத நேத்தே சொல்றதுக்கின்னான்னு கேளு."

"ஓடையாண்டதான் ஞாபகம் வந்திச்சின்னு சொல்லுக்கா."

அவர் கல்லைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு வீட்டுக்கு வீடு குடம் எடுத்துவரச் சொன்னார்.

ஓடைக்கும் கல்லுக்கும் பிள்ளைகள் வரிசையாக நடந்தார்கள். பூசாரி சீயக்காய்த் தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தார். ஒரு நாள் சுண்ணாம்பு சீக்கிரம் பால் மாதிரி ஓடியது. அதற்கடியில் பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கும் இளகியது. இருபது குடம் வரைக்கும் ஒன்றுமே தெரியவில்லை. நான் மரத்தடியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். அப்புறம் ஒரு பெண் பிள்ளை, "சார், அந்த 'ம'" என்று கையை நீட்டியது. தாளில் பார்த்துப் பழகின எழுத்து.

கல் காயும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேகம் வேறு வந்து வந்து போனது. காய்ந்ததும் வாத்தியார் தாளை நீட்ட, வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று பூசாரியே வாங்கிக் கரியைத் தேய்த்தார். நாலு வரி வந்தது. கடைசி வரியில் பாதி வரவில்லை. எந்தக் காலத்திலேயோ பூசின சுண்ணாம்பு அங்கே கல்லோடு கல்லாக இறுகியிருந்தது. பிள்ளைகள் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார்கள். மாட்டைக் கொள்ளையடித்தவர்களோடு சண்டை போட்டு, மாட்டை மீட்டு, செத்தவன் என்று வந்தது. வராத பாதியில்தான் அவன் பேர் இருந்திருக்க வேண்டும் என்றார் வாத்தியார்.

பூசாரி கரிக் கையோடு நின்று கேட்டார். "மாட்டுக்காகச் செத்தாரா? அப்ப நாம மாட்டுக்கு வேண்டிக்கறது சரிதான்."

திரும்பும்போது வாத்தியார் பின்தங்கி என்னோடு நடந்தார். "சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது யாரும்மா?"

"சுத்தமா வைக்கச் சொன்னேங்க. நான்தாங்க."

"வேண்டுதல்?"

"அதுவும் நான்தாங்க."

அவர் கூடையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அதோடு முடியவில்லை. பொய்யாக வேண்டிக்கொண்டேனே, பிள்ளைகளில் யாருக்காவது ஏதாவது வந்தால் என்ன செய்வேன் என்று அந்த வாரம் முழுக்க ஒரு பிள்ளை தும்மினாலும் திடுக்கிட்டேன். அடுத்த சந்தையில் ஓரகத்தி வந்து சொன்னாள்: "உன் மூத்தாரு சொல்லச் சொன்னாரு. இனிமே எழுத்த வுட்டுட்டுதான் பூசுவாராம். ஆனா படிப்புக்கு வேண்டினது ஒரு வருஷத்துல தீராதாம். வருஷா வருஷம் புள்ளைங்க வந்து தண்ணி ஊத்தணும். நிறுத்தினா குத்தமாம்."

அதை நான் பெரிய வாத்தியாரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. டீ தம்ளரை வைத்துவிட்டு, கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். தாளில் வந்த எழுத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "சாமி காரியமா?" என்றார். அப்புறம் பேனாவை எடுத்தார்.

நான் வேலையை விடுகிறவரைக்கும் வருஷம் ஒருமுறை போனோம். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைக் கணக்கும் குடக் கணக்கும் சரியாக இருக்கிறதா என்று மரத்தடியில் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருப்பேன். ஒரு தடவைகூட நிம்மதியாக உட்கார்ந்து பார்த்ததில்லை.