தோலெகான் அண்ணன் வண்டியில் பேசிய குரல்

பால்ஹாஷ் பேருந்து நிலையத்துக்கு வெளியே, அல்மாட்டி போகும் வண்டிகள் நிற்கும் இடத்தில், தோலெகான் அண்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது. தாமிர உருக்காலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். புகை நெஞ்சில் ஏறி, சீக்கிரமே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கையில் வந்ததைப் போட்டு, ஏழு பேர் உட்காரும் பழைய ஜப்பான் வண்டி ஒன்றை வாங்கி எங்களோடு வந்து சேர்ந்துகொண்டார். நானும் அதே தடத்தில்தான் ஓட்டுகிறேன். விடியற்காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் அல்மாட்டி. ஏரி ஓரமாகப் பாதி வழி, அப்புறம் வெறும் புல்வெளி. சாலை நேராகக் கிடக்கும், வண்டிக்கு எதிரே காற்றைத் தவிர ஒன்றும் இருக்காது. அந்தச் சாலையில் நூறுக்கு மேல் போகாமல் இருப்பதற்குத் தனியாக ஒரு மனசு வேண்டும். அண்ணனுக்கு அது இல்லை.

போலீஸ்காரர்கள் முக்காலியில் ரேடாரை நிறுத்தி வைத்துவிட்டு, தூரத்தில் காருக்குள் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். வீடு வந்து சேருவதற்குள் அபராதம் கைபேசியில் வந்து நிற்கும். அந்தச் செய்திகள் அண்ணன் மனைவி ரிம்கேஷ் அக்காவின் கைபேசிக்குத்தான் வந்தன, வண்டி அவர் பெயரில் இருந்ததால். அக்கா குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை. கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கும்போது கைபேசி முனகினால், இன்றைக்கு வீட்டுக்காரர் எந்த இடத்தைத் தாண்டியிருக்கிறார் என்று தெரிந்துவிடும் என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆன்டிரேடார் வாங்கும்படி அண்ணனிடம் சொன்னது நான்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டால், எதிரே ரேடார் அலை இருப்பதை முன்கூட்டியே பிடித்துச் சொல்லிவிடும். போலீசின் ரேடாரைக் குழப்புகிற கருவிக்குத்தான் தடை, இது சும்மா காது கொடுத்துக் கேட்பதோடு சரி. எங்களில் பாதிப் பேர் வைத்திருந்தோம். அண்ணன் வாங்கியது என்னுடையதைவிட ஒசத்தி. வெறுமனே கீச்சிடாமல், ஒரு பெண் குரலில் ரஷ்ய மொழியில் பேசும். "கவனம், ரேடார்" என்று சொல்லிவிட்டு, அங்கே எவ்வளவு வேகம் போகலாம் என்பதையும் சொல்லும்.

வாங்கிய அன்று சாயங்காலம் அக்காவை உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். உருக்காலைச் சாலையில் அந்தக் குரல் பேச, அண்ணன் கால் உடனே பிரேக்குக்குப் போயிற்று.

"இருபத்தஞ்சு வருஷமா நான் மெதுவா போங்கன்னு கத்துறேன், காதுலயே விழல. இவ ஒரு தடவை சொன்னதும் கால் தானா போகுது பாருங்க" என்றாராம் அக்கா.

"அவ கத்தலையே. பதமா சொல்றா" என்று அண்ணன் பதில் சொல்லியிருக்கிறார்.

அதிலிருந்து அந்தப் பெட்டிக்கு எங்கள் நிறுத்தத்தில் 'சின்னவ' என்று பெயர் விழுந்துவிட்டது. காலையில் அண்ணன் வந்து இறங்கினால், சின்னவளுக்கு ராத்திரி நல்ல தூக்கமா என்று யாராவது ஒருவர் விசாரிப்போம். அவரும் முகம் சுளிக்காமல், பெரியவள்தான் போர்வையை இழுத்துக்கொள்கிறாள் என்பார்.

கோடை முழுக்க ஒரு அபராதம்கூட வரவில்லை. அண்ணன் எங்களுக்கெல்லாம் முன்பே அல்மாட்டி போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிடுவார். அவர் ஓட்டுகிற விதமே மாறியிருந்தது. குரல் வராத இடமெல்லாம் நூற்று முப்பது, நூற்று நாற்பது. குரல் வந்தால் அந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்து இறக்குவார். தாண்டியதும் மறுபடி பறப்பார். அவருக்குப் பின்னால் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக்கைக் கொஞ்சம் முன்கூட்டித் தொடச் சொன்னேன். முன்கூட்டி எப்படித் தொடுவது, அவள் சொன்ன பிறகுதானே தெரிகிறது என்றார்.

அது நடந்தது அக்டோபர் மாதம், புருபைதால் என்ற ஊரைத் தாண்டி. வண்டி நிறைய ஆள். நடு வரிசையில் பல்ஸியா அக்கா, பிள்ளைகளுக்கான இசைப் பள்ளியில் தொம்ப்ரா என்னும் தந்தி வாத்தியம் வாசிக்கக் கற்றுக்கொடுப்பவர். மாதம் ஒருமுறை தன் அக்காவைப் பார்க்க அல்மாட்டி போவார், எப்போதும் தோலெகான் வண்டியில்தான். அன்று பையில் குர்த் கொண்டுவந்திருந்தார். அந்த உலர்ந்த தயிர் உருண்டைகளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, முன்னிருக்கைக்காரருக்கும் நீட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் குரல் வந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். பின்னால் ஒட்டி வந்துகொண்டிருந்த வெள்ளைக் கார் அப்படியே வந்து மோதியது.

கொஞ்ச நேரத்தில் நானும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றின் முன்னால் இரண்டு வண்டிகளையும் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் வண்டியின் பின்கதவு நசுங்கி உள்ளே போயிருந்தது. மற்றவர்களுக்குக் கழுத்துப் பிடிப்பு, சிராய்ப்பு, அவ்வளவுதான். பல்ஸியா அக்காவுக்கு மட்டும் வலது மணிக்கட்டு முன்னிருக்கையில் மோதி முறிந்திருந்தது. ஒரு சால்வையில் கையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தார்.

மோதியவன் சஞ்சார் என்று ஒரு இளைஞன், புதுக் கார். அண்ணனுக்கு அவன்மேல்தான் முதலில் கோபம் வந்தது.

"ஏன்டா இப்படி ஒட்டிக்கிட்டு வந்தே? ரோடு உங்கப்பன் வீட்டு முற்றம் மாதிரி அகலமாத்தானே கெடக்கு?"

"அண்ணே, என்கிட்ட ஆன்டிரேடார் இல்ல" என்றான் அவன். "உங்க முன்கண்ணாடியில பெட்டி இருக்கறதைப் பாத்தேன். நீங்க மெதுவானா நானும் மெதுவாயிடலாம்னு சாரி ஷாகன்ல இருந்து உங்க பின்னாலதான் வர்றேன்."

அண்ணன் திரும்பித் தன் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பெட்டியைப் பார்த்தார்.

போலீஸ் வந்தது. வயதான, நிதானமான அதிகாரி. பின்னால் வந்தவன் இடைவெளி விடாதது தப்பு என்று எழுதிக்கொண்டார். பிறகு அண்ணனிடம், வெறும் சாலையில் ஏன் அப்படி மிதித்தீர்கள் என்று கேட்டார். அண்ணன் மறைக்காமல் சொன்னார். அதிகாரி சாலையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னிக்கு இந்தப் பக்கம் எங்க ஆளுங்க யாருமே நிக்கலையேப்பா."

குளிருக்காக அண்ணன் வண்டியின் எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே ஆட்களை உட்கார வைத்திருந்தோம். பங்க்கின் கடையிலிருந்து ஒரு லாரிக்காரர் தேநீர்க் குவளையோடு வெளியே வந்தார். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு விலகியது. "கவனம், ரேடார்" என்றது குரல். அவர் பின்னால் இன்னொருவர் வந்தார், மறுபடியும் கதவு திறந்தது, மறுபடியும் அதே குரல். அந்தக் கதவில் இருக்கும் கருவியும் அதே மாதிரி அலையைத்தான் விடுகிறது. அல்மாட்டி நகரத்துக் கடைத்தெருக்களில் என் பெட்டியும் அப்படிக் கத்தியிருக்கிறது, எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்ததுதான். நடுப் புல்வெளியில் அப்படி ஒரு கதவு வந்திருக்கும் என்று யார் நினைத்தது? அந்தப் பங்க் திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

அதிகாரி கதவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். எழுதி முடித்துவிட்டுப் போனார்.

பல்ஸியா அக்காவுக்கு அல்மாட்டியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அவர் ஊர் திரும்பிய மறுநாள் அண்ணனும் ரிம்கேஷ் அக்காவும் பார்க்கப் போனார்கள். தனியாகப் போகத் தைரியமில்லாமல் அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ரிம்கேஷ் அக்கா எலும்புச் சாறு காய்ச்சி ஒரு பெரிய பாத்திரத்தில் எடுத்துவந்திருந்தார், சுடச்சுடப் பவுர்சாக் என்ற பொரித்த மாவு உருண்டைகளும் இருந்தன. பல்ஸியா அக்கா இடது கையால் தேநீர் ஊற்ற முயன்றபோது, ரிம்கேஷ் அக்கா தேநீர்க் கெண்டியை வாங்கிக்கொண்டார்.

அண்ணன் மன்னிப்புக் கேட்டார். கதவைப் பற்றிச் சொன்னார், அந்தப் பையனைப் பற்றிச் சொன்னார், நிறைய சொன்னார். பல்ஸியா அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"உங்களைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல தம்பி. அந்தப் பொண்ணு பேசினதும் நாங்க எல்லாரும் முன்சீட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்குவோம், பழகிப்போச்சு. அன்னிக்கு என் கையில குர்த் இருந்துச்சு, பிடிக்க முடியல. அவ்வளவுதான்."

"எல்லாரும்னா?" என்றார் அண்ணன்.

"எல்லாருந்தான். புதுசா ஏறுறவங்களுக்கு நாங்களே சொல்லிக் கொடுத்துடுவோம்."

வெளியே வந்து என் வண்டியில் ஏறியதும் அண்ணன் என்னைப் பார்த்து, உன் வண்டியிலும் அப்படிப் பிடித்துக்கொள்கிறார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. பின்னால் நடப்பதை எப்போது பார்த்தோம்?

பின்கதவு சரியாகி வண்டி வந்த அன்று, பெட்டியைக் கழற்றிவிட்டார். ஆனால் பழக்கம் காலில் இருந்தது. முதல் வாரம் ஒரு ரேடாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்டதுபோல் இருந்து இரண்டு முறை பிரேக்கைத் தொட்டதாகச் சொன்னார். மற்ற இடங்களில் தன்னையறியாமல் நூற்று இருபதைத் தாண்டினார். ரிம்கேஷ் அக்காவின் கைபேசி மறுபடி முனகத் தொடங்கியது.

ஒரு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. பெட்டியைத் திரும்ப ஒட்டச் சொன்னது அக்காதான், நான் எதிர்பார்க்கவே இல்லை.

"கூடவே இருக்கட்டும். ஆனா நூறுலயே போங்க" என்றார் மாவை நூடுல்ஸாக நறுக்கிக்கொண்டே. "தப்பித் தவறி ஏறிட்டா அவ சொல்லுவா."

"நூறுல போனா அவ எதுக்கு?"

"அப்ப நூறுலயே போங்க."

"போகணும்னுதான் பாக்குறேன். அவ இருந்தா முடியாதும்மா. அவ இருக்காங்கற நெனப்பே என் காலை அமுக்கும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, சரி, இனிமேல் அபராதம் வந்தால் உங்கள் பங்குக் கறியை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

அந்தப் பெட்டியை நல்ல விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் கொடுக்கவில்லை. அதைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். காசு வீணாயிற்றே என்று எனக்கு ஆற்றாமை. நான் என்னுடையதை இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் அது கத்தினால் முதலில் பின்கண்ணாடியைப் பார்க்கிறேன், அப்புறம்தான் பிரேக். பின்னால் இருப்பவர்கள் எதையாவது பிடித்துக்கொள்கிறார்களா என்றும் பார்க்கிறேன். சிலர் பிடித்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

அந்தக் குளிர்காலம் அண்ணனுக்கு மந்தமாகப் போயிற்று. விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள், மதியத்துக்குள் அலுவலகத்தில் நிற்க வேண்டியவர்கள் எல்லாம் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். வண்டி நிறைவதற்கு நேரமாகும். நாங்கள் கிளம்பிப் போன பிறகும் அவர் கதவோரம் நின்று "அல்மாட்டி, அல்மாட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். போகப்போக வேறு மாதிரி ஆட்கள் சேர்ந்தார்கள், கைக்குழந்தைக்காரிகள், அறுவை சிகிச்சைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். வேகத்தை நூறில் பிடித்து வைப்பது முதலில் வேதனையாக இருந்தது என்றும், இப்போது பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கிறது என்றும் சொன்னார்.

பல்ஸியா அக்காவின் கை ஒட்டிக்கொள்ள வசந்தம் வரை ஆயிற்று. அதுவரை பிள்ளைகளுக்கு வாயாலேயே தாளம் சொல்லிக் கற்றுக்கொடுத்தாராம். வேகமாக மீட்டினால் இப்போதும் வலிக்கும். நவ்ரூஸ் பண்டிகை முடிந்த வாரம் அவரே அண்ணனுக்கு அழைத்து, அல்மாட்டி போக ஒரு இடம் வேண்டும் என்றார். அண்ணன் முன்னிருக்கையைக் கொடுத்தார். வழியில் எதிரே வந்த ஒரு லாரி விளக்கை இரண்டு முறை அணைத்து எரியவிட்டது, முன்னால் போலீஸ் இருக்கிறது என்று. அண்ணன் கையசைத்து நன்றி சொல்லிவிட்டு அதே வேகத்தில் போனாராம். முக்காலியைத் தாண்டும்போது பல்ஸியா அக்கா முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

அல்மாட்டி போய்ச் சேரப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. தன் அக்கா வீட்டில் இறைச்சி ஆறிப்போயிருந்ததாக, திரும்பி வரும்போது பல்ஸியா அக்கா அண்ணனிடம் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த மாதத்துக்கும் அவரிடமே இடம் சொல்லி வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.