தாடிக்கொம்பு பக்கத்தில் பாதி வயல்

ஆறாம் வகுப்பில் “மண்ணில் என்னென்ன இருக்கிறது?” என்று கேட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் “அழுக்கு” என்றார்கள். திண்டுக்கல் நாகல் நகரில் மாடி வீட்டுக்கும் வேனுக்கும் நடுவில் வளரும் பிள்ளைகள், வேறென்ன சொல்வார்கள்? ஐப்பசி மழை விட்ட ஒரு சனிக்கிழமை, பதினெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தாடிக்கொம்பு திண்டுக்கல்லிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்தான். காலை ஏழரைக்கு வேன் ஏறினோம். போய்வர ஆயிரத்து இருநூறு ரூபாய்.

“பெருமாள் கோயிலுக்கா டீச்சர்?” என்றார் டிரைவர்.

“இல்லண்ணே, மண்ணு பாக்க.”

“அதுக்கு எதுக்கு வேனு? ரோட்டோரமே அம்புட்டு கெடக்கே!” பிள்ளைகள் சிரித்து முடிக்கவே ஊர் வந்துவிட்டது.

என் மாணவி ஜெனிஃபரின் பெரியம்மா பிலோமினா அக்காவின் வயலுக்குத்தான் போனோம். போன மாதம் நான் பார்த்துவைத்த செம்மண் வயல். போய்ப் பார்த்தால் பாதி வயலைக் காணோம்! முழங்கால் ஆழத்துக்கு மேல்மண்ணை வெட்டி அள்ளியிருந்தார்கள். அடியில் சுண்ணாம்பாய் வெளுத்த சுக்கான் கல்தான் கிடந்தது.

“வீட்டு மனைக்கு மேடு போடக் கேட்டாங்க டீச்சர். எங்களுக்கும் தண்ணிக்கு போர் போடணும். மிச்சத்த திங்கக்கெழம அள்ளுவாக” என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்புறம், வந்ததற்கு இதையே பாடமாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இரண்டு பாட்டில். ஒன்றில் வெட்டாத பாதியின் மண், மற்றதில் வெட்டிய பாதியின் மண். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வரப்பில் வைத்தோம். முதல் பாட்டிலில் மணல் அடியில் இறங்கியது. அதன்மேல் மாவு போன்ற வண்டல், அதற்கும் மேல் களிமண் கலங்கல். எல்லாவற்றுக்கும் மேலே மக்கிய இலையும் வேரும் மிதந்தன. காய்ந்த மண்கட்டி ஒன்றைத் தண்ணீரில் போட்டதும் காற்றுக் குமிழிகள் வந்தன. இரண்டாவது பாட்டிலில் பொடிக்கல்லும் வெள்ளைக் கலங்கலும்தான், மிதக்க ஒன்றுமில்லை.

“மிஸ், இதுல எலையும் இல்ல, வேரும் இல்ல. அப்ப செடி எதத் திங்கும்?” என்றான் ரியாஸ்.

நான் பதில் சொல்வதற்குள் பிலோமினா அக்கா இரண்டாவது பாட்டிலைக் கையில் எடுத்தார். செத்த நேரம் வெயிலில் தூக்கிப் பார்த்தார். பிறகு கிணற்றடியில் நின்ற கணவரைக் கூப்பிட்டார்.

“ஏங்க, இங்க வாங்க. உரம் போட்டுக்கிறலாம்னு சொன்னீகளே, எதுல போடுவீக? இத வந்து பாருங்க.”

சவரிமுத்து அண்ணன் வந்து பார்த்தார். “அட்வான்ஸ் வாங்கியாச்சே பிலோமி.”

“திருப்பிக் குடுங்க. போரு அடுத்த வருசம் போட்டுக்கிறலாம்.”

அவர் பாட்டிலை வரப்பில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்கே திரும்பிப் போனார். எங்கள் எதிரில் எப்படி முடிவு சொல்வார்? பிள்ளைகளைக் கை கால் கழுவச் சொல்லி, பதினோரு மணிக்குக் கிளம்பினோம். ஞாயிறு முழுக்க எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெனிஃபர் வகுப்புக்குள் ஓடிவந்தாள். “மிஸ், லாரி வரல! பெரியப்பா வேணாம்னு சொல்லிட்டாரு. தோண்டுன பக்கம் எருவுக்கு ஆட்டுக்கிடை போடப்போறாங்களாம்.”

நீங்களும் பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால், வயல்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போங்கள். வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில் நல்லது. கலங்கல் முழுசாய்த் தெளிய மறுநாள் ஆகும். வகுப்பிலேயே வைத்துப் பார்க்கலாம்.

ஆட்டுக்கிடை போட்டு, பசுந்தழையை மண்ணுக்குள் மடக்கி உழுதால் அந்தப் பாதி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். ஆனால் அள்ளிப்போன அந்த முழங்கால் ஆழம் தானாக உருவாக என் வகுப்புப் பிள்ளைகளின் ஆயுள் போதாது. ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பை அங்கே அழைத்துப் போவேன். வெட்டிய பாதியில்தான் முதலில் நிற்க வைப்பேன்.