யாக்கோபு போகாத வீடு

இந்த வீட்டில் ஒரு மனிதரைப் படுக்கையிலிருந்து எழுப்புவதற்கு முன் அவர் கையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பேசின், ஒரு செம்பு. செம்புக்கு இரண்டு கைப்பிடி. வலக்கைக்கு ஒரு தடவை, இடக்கைக்கு ஒரு தடவை என்று மாற்றி மாற்றி மூன்று முறை ஊற்ற வேண்டும். அதுவரை கால் தரையில் படக் கூடாது. நான் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. இரண்டு கண்ணும் தெரியாது. தண்ணீர் ஊற்றியதும் என் கையைப் பிடித்துப் புறங்கையை மெல்லத் தடவிப் பார்ப்பார். நான்தான் என்று உறுதியான பிறகே எழுந்திருப்பார். முதல் நாள் அப்படித் தடவியபோது சூடு பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டேன். கூச்சப்படுகிறேன் என்று அவருடைய மகள் நினைத்தாள். கூச்சமெல்லாம் இல்லை. அதற்கு முன் கண் தெரியாத ஒருவர் என் கையைத் தடவிப் பார்த்தது எங்கள் ஊர்ப் பக்கத்துப் பத்திர ஆபீஸில். அவர் என் அப்பா.

எருமப்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் ஒரு காட்டு ஊரிலிருந்து இஸ்ரேலுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்த வேலைக்கு இங்கே ‘மெட்டப்பேல்’ என்று பெயர். தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சைரன் ஒலித்தால் அணைத்துப் பிடித்துப் பாதுகாப்பு அறைக்குக் கொண்டுபோவது. இடுப்பு போய்விட்டது. ஊரில் என் மனைவி போனில் பேசினால் முதலில் இடுப்பைத்தான் விசாரிக்கிறாள், அப்புறம்தான் என்னை. பெரியவரை எல்லோரும் ‘சாபா’ என்கிறார்கள், தாத்தா என்று அர்த்தம். அவருக்கு வேதம் முழுக்க மனப்பாடம். சனிக்கிழமை ‘ஷபாத்’; அன்றைக்கு அடுப்பு மூட்ட மாட்டார்கள், போனைத் தொட மாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வாரத்துப் பகுதியை, ‘பராஷா’வை, அவர் ராகம் போட்டுச் சொல்வார். பிறகு எனக்காக எளிய எபிரேயத்தில் கதையாகச் சொல்வார். சொல்ல வேறு ஆள் கிடைக்காததால் எனக்குச் சொன்னார். போகப்போக எனக்கும் பிடித்துப்போனது. நான் மதம் மாறிவிட்டேன் என்று ஊரில் கிளப்பிவிட வேண்டாம். லீவில் வந்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காமல் திரும்பியதில்லை.

ஒரு கார்த்திகை வாக்கில்தான் அந்தக் கதை வந்தது. ஈசாக்கு என்ற கண் தெரியாத அப்பா. இரண்டு மகன்கள். மூத்தவன் ஏசா வெளியே அலைகிறவன்; இளையவன் யாக்கோபு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருப்பவன். மூத்தவனுக்குச் சேர வேண்டிய ஆசியை இளையவனுக்கு வாங்கித்தர அம்மாவே வழி சொல்கிறாள். ஆட்டுத்தோலைக் கையில் கட்டிக்கொண்டு அண்ணனைப் போல் அப்பா முன்னால் போய் நிற்கிறான் அவன். கிழவர் கையைத் தடவிப் பார்க்கிறார். சாபா சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை.

என் அண்ணனும் வெளியே அலைந்தவர்தான். லாரி டிரைவர். வடக்கே லோடு போனால் ஊடு திரும்ப ஒன்றரை மாதம் ஆகும். அப்பாவுக்குச் சர்க்கரையில் கண் போயிருந்தது. தோட்டத்தையும் கிணற்றையும் இருவருக்கும் சரிபாதியாக எழுத வேண்டும் என்பதுதான் அவர் சொல். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பெரியவன் ரோட்டுல திரியறவன். தோட்டம் உனக்குத்தான் வேணும் சாமி” என்றாள். அப்பாவிடம் சரிபாதி என்று சொல்லிவிட்டு, பத்திரத்தில் தோட்டமும் கிணறும் எனக்கு, தண்ணீர் இல்லாத மேட்டுக்காடு அண்ணனுக்கு என்று எழுதினோம். அண்ணன் அப்போது நாக்பூர் பக்கம் எங்கேயோ இருந்தார். கைரேகை வைக்கும் முன் அப்பா, “பெரியவன் வந்திருக்கறானா?” என்று கேட்டார். “வந்திருக்கறான், தொண்டை கட்டிக்கிச்சு, பேச முடியலையாமா” என்று சொல்லிவிட்டு அம்மா என் கையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் வெகுநேரம் தடவினார். “லாரி ஓட்டற கை இத்தனை மெத்துன்னா இருக்கும்?” என்றார். அம்மா மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். அப்புறம் கட்டை விரலை நீட்டினார். தெரிந்துதான் நீட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் அவர் போய்விட்டார், பின்னாலேயே அம்மாவும். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தால் ஒருவேளை நான் ஊரிலேயே இருந்திருப்பேன். அண்ணன் மேட்டுக்காட்டில் குடியேறி இரண்டு முறை போர்வெல் போட்டார். இரண்டிலும் தண்ணீர் இல்லை, புழுதிப் புகைதான் வந்தது. பொதுக்குழாயிலிருந்து மொபெட்டில் குடம் கட்டிக்கொண்டு அண்ணி தண்ணீர் எடுத்து வருவார். எங்கள் கிணறு கூப்பிடு தூரம். அதில் ஒரு குடம் அவர் மோந்ததில்லை.

கதை முடிந்ததும் நான் பேசாமல் இருப்பதைக் கவனித்து, “உனக்கு அண்ணன் உண்டா?” என்று சாபா கேட்டார். உண்டு என்றேன். “உன்னை ஏமாற்றிவிட்டானா?” என்றார். ஊரைவிட்டு வந்து இன்னொருவர் உடம்பைக் கழுவுகிறவன் ஏமாந்தவனாகத்தானே இருப்பான் என்பது அவர் கணக்கு. இல்லை என்று தலையை ஆட்டினேன். கண் தெரியாதவர் முன்னால் தலையை ஆட்டி என்ன பிரயோசனம்? என் மௌனத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு வருஷம் என் அண்ணனைத் திட்டினார். எனக்குச் சளி பிடித்தால் ‘உன் அண்ணன் திருடன்’ என்பார், பஸ் வராவிட்டாலும் என்பார். நான் திருத்தவில்லை. எபிரேயம் போதவில்லை என்று எனக்கே சாக்கு சொல்லிக்கொண்டேன். அவ்வளவு எபிரேயம் எனக்குத் தெரியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்த பகுதியில் யாக்கோபு ஊர் திரும்புகிறான். அண்ணனுக்குப் பயந்து ஆடு மாடுகளை மந்தை மந்தையாக முன்னால் காணிக்கை அனுப்புகிறான். ஏழு முறை தரையில் விழுந்து வணங்கிக்கொண்டே போகிறான். அண்ணனோ ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுகிறான். கைபேசியில் தமிழில் தேடி அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. கோர்ட்டும் வக்கீலும் சொல்லாத வழியை அது எனக்குச் சொன்னது: முதலில் எதையாவது அனுப்பு, பிறகு நீயே போய் விழு. ஊருக்குப் போன ஒரு தமிழ் நண்பரிடம் பேரீச்சம்பழமும் பாதாமும் ஒரு கம்பளியும் கொடுத்தனுப்பினேன். போனில் கேட்டபோது அண்ணி, “வந்துச்சுங்க தம்பி. பிரிக்க வேண்டாம்னுட்டாருங்க” என்றார். இன்னொரு பார்சல் அனுப்பினேன். அதுவும் அப்படியே. கடைசியில் மனைவியிடம் சொன்னேன். “குடுத்துட்டு வாங்க. அப்பவாவது உங்களுக்குத் தூக்கம் வரும்” என்றாள். அண்ணனைக் கூப்பிட்டுப் பாதியை எழுதித் தருகிறேன் என்றதும் அவர், “தேதியச் சொல்லு, வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அப்பாவின் சர்க்கரை அண்ணனுக்கும் இறங்கியிருந்தது. பார்வை மங்கி லாரியை விட்டுவிட்டார். ஆனாலும் பஸ் நம்பரைக் கண்டக்டரிடம் கேட்டுக்கேட்டுத் தனியாகவே வந்து சேர்ந்தார். நான் லீவில் ஊர் போயிருந்தேன். அதே பத்திர ஆபீஸ். நான் காலில் விழக் குனிந்தேன். யாரோ எதையோ கீழே போட்டுவிட்டார்கள் என்று நினைத்து அவர் ஒதுங்கி நின்றார். பத்திரத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். “நீ படிக்க வேண்டாம்” என்றார். பத்திரம் எழுதியவர் பக்கம் திரும்பி, “ஏனுங்க, நீங்க படிச்சுக் காட்டுங்க” என்றார். அவர் படித்தார். “கெணத்துல?” என்று கேட்டார் அண்ணன். “சரிபாதிங்க.” “மறுக்காப் படிங்க.” மறுபடி படிக்கும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாவுக்கு இப்படிக் கேட்கத் தோன்றியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. அண்ணன் கட்டை விரலை நீட்டினார்.

யாரும் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. பஸ் நிலையம் வரை நடந்தோம். படியில் ஏற்றிவிடக் கை கொடுத்தபோது, என் உள்ளங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு, “ஏன்டா, கையி இப்பிடிக் காச்சுக் கெடக்குது?” என்றார். அப்புறம், “வா சாமி, ஊட்டுக்குப் போலாம். உங்கண்ணி சோறாக்கி வெச்சிருப்பா” என்றார். இதற்காகத்தானே வந்தேன்? ஆனால் நம் ஊரில் ஒரு வீட்டுப் படியேறினால் முதலில் என்ன தருவார்கள்? ஒரு சொம்புத் தண்ணீர். அண்ணி இத்தனை வருஷம் மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்த தண்ணீர். அதை வாங்கிக் குடிக்கும் தைரியம் எனக்கு இல்லை. “நீங்க முன்னால போங்கண்ணா. பேங்குல ஒரு வேலை இருக்குது, முடிச்சுட்டு வாரேன்” என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, யாக்கோபு ஞாபகத்துக்கு வந்தான். கட்டிக்கொண்டு அழுத அண்ணன் சேர்ந்து போகலாம் வா என்று கூப்பிட்டபோது, பிள்ளைகளும் குட்டிகளும் களைத்துவிடும், நீ முன்னால் போ, நான் மெல்ல வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் வேறு ஊருக்குப் போனான். அவர்கள் மறுபடி சேர்ந்து நின்றது அப்பாவை அடக்கம் செய்யத்தான். எங்களுக்கு அப்பாவும் இல்லை. இனி நாங்கள் சேர்ந்து நிற்பது எங்களில் ஒருவரை எடுக்கும்போதுதானோ என்னவோ. மறுநாள் விமானம் ஏறிவிட்டேன்.

தோட்ட விஷயமாக ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் சாபாவிடம் சொல்லியிருந்தேன். திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, “திருடன் திருப்பிக் கொடுத்தானா?” என்று சாபா கேட்டார். “கொடுத்தேன். திருடன் நான்தான்” என்றேன். அவர் என் கையை விட்டார். பிறகு, “அவன் வீட்டில் சாப்பிட்டாயா?” என்றார். இல்லை என்றேன். “யாக்கோபும் சாப்பிடவில்லை” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் அண்ணியிடமிருந்து போன். “அன்னைக்கு நீங்க வருவீங்கன்னு சொம்புல தண்ணி மோந்து வெச்சிருந்தமுங்க தம்பி. பொழுது எறங்கற வரைக்கும் அதக் கொட்ட உடலைங்க உங்கண்ணன்” என்றார். போனை வைத்துவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு கட்டிலண்டை போனேன். சாபா கைகளை நீட்டினார். நான் ஊற்றிய தண்ணீர் பேசினைத் தாண்டிப் போர்வையெல்லாம் சிந்தியது. “என்ன ஆயிற்று உனக்கு?” என்றார். எனக்கு வாயில் வந்த எபிரேயச் சொல் தாகம் என்பதுதான். “அதற்கென்ன, குடி” என்றார் அவர். செம்பில் பாதித் தண்ணீர் இருந்தது. நான் குடிக்கவில்லை. நான் குடிக்க வேண்டிய தண்ணீர் மேட்டுக்காட்டில், அண்ணன் வீட்டில் இருக்கிறது.