கூட்டத்தில் நிற்கும் அந்தப் பெண்

என் மகள் பார்க்கிற ஜப்பானியத் தொடரில் ஒரே ஒரு அத்தியாயத்தை நான் பதினோரு தடவை பார்த்திருக்கிறேன். கார்ட்டூன் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அனிமே என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு நிமிஷம். கதை ரொம்பச் சின்னது. கடலிலிருந்து மலை உயரத்துக்கு ஒன்று எழுந்து ஒரு ஊரை நோக்கி வருகிறது. ஊரைக் காக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் தோல்வியே தெரியாத பெரிய வீரர். இன்னொருத்தி பத்தொன்பது வயசுப் பெண், பயிற்சியில் கடைசியாக வந்தவள்.

எனக்குப் பிடித்த இடம் நடுவில் வருகிறது. அந்தப் பெரிய வீரர் எதிரியைப் பார்க்கிறார். பிறகு நடுத்தெருவில் உட்கார்ந்து, கையுறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக மடித்து வைக்கிறார். பேச்சும் இல்லை, இசையும் இல்லை. அவ்வளவு பலசாலி ஒருவர் கைவிடும்போது இப்படித்தான் கைவிடுவார் என்று எனக்குப் பட்டது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் மாதிரி.

என் மகளுக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. அந்தப் பெண் பயத்தில் நடுங்கிக்கொண்டே நிற்கிறாள். அவளுடைய வலது காலை மட்டும் காட்டுகிறார்கள். அது தரையிலிருந்து எழும்ப அரை நிமிஷம் ஆகிறது. எழும்பி முன்னால் ஒரு அடி வைக்கிறது. அந்த ஒரு அடிக்காக இந்த அத்தியாயத்தை அவள் எத்தனை தடவை பார்த்தாளோ தெரியாது. நான் பார்க்க உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. ஆற்றங்கரையில் அது நடந்த பிறகு அவள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். பத்தாவது முடிந்ததும் வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகப் போவதாக தன் அப்பா மூலமாக எனக்குச் சொல்லி அனுப்பினாள். இருப்பது ஒரே பெண். அவள் வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் டிவி முன்னால் அவள் பக்கத்தில் போய் உட்கார்வேன். எழுந்து போகவும் மாட்டாள், திரும்பிப் பார்க்கவும் மாட்டாள்.

ஆற்றங்கரையில் நடந்ததைச் சொல்கிறேன்.

பாலாறு எங்களுக்கு மணல்தான். நான் வளர்ந்த காலத்திலும் மணல், என் மகள் வளர்ந்தபோதும் மணல். அதில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள், மணல் அள்ள லாரிகள் இறங்கி ஏறும். சில வருஷங்களுக்கு ஒருமுறை மேலே மழை கொட்டி அணை திறந்தால் தண்ணீர் வரும். வந்துவிட்டால் ஊரே குடும்பத்தோடு போய்ப் பார்க்கும். பெண்கள் தட்டில் மஞ்சள், குங்குமம், பூ, சூடம் வைத்துப் புதுத் தண்ணீருக்குப் படைப்பார்கள். அந்தத் தடவையும் போனோம். திருமுக்கூடல் போகிற வழியில், தடுப்புக்குக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி நூறு பேருக்கு மேல் நின்றிருந்தோம். நூறு பேரில் நீச்சல் தெரிந்தவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். மணலில் நீந்த யார் கற்றுக்கொள்வார்கள்?

என் மகளுக்குத் தெரியும். ஆறு வயசிலிருந்து குளத்துக்கு அனுப்பினேன், மாவட்டப் போட்டியில் வெள்ளி வாங்கியவள். பக்கத்தில் தட்டோடு நின்றிருந்த பெண்ணிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாதவள். சின்ன காஞ்சிபுரத்தில் வீடு என்றும், தறியை நிறுத்திவிட்டுப் புருஷனோடு வந்ததாகவும் சொன்னாள்.

"குடுத்து வெச்சவங்கமா நீங்க," என்றாள். "எங்க வூட்டுக்காரருக்கு அண்டாத் தண்ணியப் பாத்தாலே பயம்."

"யாருக்குடி பயம்?" என்றார் அவர். "குடு தட்ட. சேத்துல நீ வழுக்கி வுழுந்து வெப்ப. தோ, அந்த எடத்துலதான் எங்களுக்கு பிட்ச்சு. எத்தினி வருஷம் ஆடிருக்கேன். முழங்காலுக்கு மேல வராது."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டோடு இறங்கினார். நாலு அடி வரைக்கும் அவர் சொன்னபடி முழங்கால்தான். அவர் ஆடிய மைதானத்தை லாரிகள் எப்போதோ அள்ளிக்கொண்டு போயிருந்தன. ஐந்தாவது அடியில் ஆள் இல்லை. தட்டு மட்டும் சூடம் எரிந்தபடி கொஞ்ச தூரம் போயிற்று.

ஆள் மறுபடி மேலே வந்தார். கை தெரிந்தது, தலை தெரிந்தது. நூறு பேரும் கத்தினார்கள். நிறைய பேர் கையில் போன் இருந்தது. என் மகள் செருப்பை உதறியதை நான் பார்த்தேன். அவள் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் அவள் பின்னலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். அவள் இழுத்தாள். நான் விடவில்லை.

அந்தப் பெண் என் காலில் விழுந்தாள். "யம்மா, உம் பொண்ணுக்கு நீச்ச தெரியும்னியே! வுடுமா அத! உனுக்குப் புண்ணியமாப் போவும், வுடுமா!"

நான் அவளைப் பார்த்துச் சொன்னேன்: "அவளுக்குத் தெரியாதுமா. சும்மா பெருமைக்குச் சொன்னேன்."

அவள் முகத்தில் அப்போது இருந்ததை எழுத எனக்கு வரவில்லை. அவர் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது.

தெருவில் என்னை எல்லோரும் பாராட்டினார்கள். நான் டீச்சர் என்பதால் வீட்டுக்கே வந்து பாராட்டினார்கள். "நல்ல வேளை புடிச்சீங்க டீச்சர், இல்லன்னா ரெண்டு பொணம் எடுத்திருக்கணும்." கயிறு இல்லாமல் தாங்களே அந்தத் தண்ணீரில் இறங்க மாட்டோம் என்று தீயணைப்பு வண்டியில் வந்தவர் சொன்னார். அதை என் மகளிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். பதினோராவது தடவை அவள் வாயைத் திறந்தாள்.

"எறங்கியிருந்தா செத்திருப்பேன், தெரியும்மா. நீ புடிச்சதப் பத்தி நான் கேக்கல. அந்தக்காகிட்ட எதுக்குப் பொய் சொன்ன?"

மறுநாள்தான் ஹாஸ்டல் பேச்சு வந்தது.

அதற்கப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைகள். பதினோராவது தடவை பார்த்தபோது வெயில் ஜன்னல் வழியாக டிவி மேலேயே விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஊரே தலைதெறிக்க ஓடுகிற காட்சி வந்தது. அவளாகவே பேசினாள்.

"உன் ஆளு வந்துட்டா பாரு."

"யாரு?"

"தோ, பச்ச சட்ட. புள்ளய இழுத்துகினு ஓடுறா பாரு. எல்லாத்துலயும் இப்டி ஒருத்தி வருவா. பேரு இருக்காது, டயலாக் இருக்காது. கூட்டம்தானேன்னு மூக்கு கூட வரைய மாட்டான்."

உற்றுப் பார்த்தேன். மூக்கு இல்லைதான். சிரித்துவிட்டேன். இத்தனை மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"அவ புள்ள உசுரோட இருக்குது இல்ல?" என்றேன்.

"இருக்குது. அதுக்கும் மூக்கு இல்ல."

வீரர் கையுறையைக் கழற்றினார். அந்தப் பெண்ணின் கால் வந்தது. என் மகள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கால் எழும்பியது.

"இவளுக்கும் செத்துருவோம்னு தெரியும்," என்றாள், டிவியைப் பார்த்தபடியே. "ஆனா இவ முடியப் புடிச்சுகினு பின்னால யாரும் நிக்கல பாரு."

"நீ ஒரு தடவதான் இழுத்த," என்றேன்.

"என்னா?"

"அன்னிக்கு. ஒரே ஒரு தடவ இழுத்த. அப்புறம் நீயே நின்னுட்ட. கை மரத்துப்போயி நான் புடியத் தளத்திட்டேன். சும்மா புடிச்சுகினு இருந்தேன், அவ்ளோதான். நீ திரும்பியிருந்தா கழண்டு வந்திருக்கும். அவரு கை அப்பவும் மேல தெரிஞ்சுகினுதான் இருந்துது. நீ போவல."

அவள் ரிமோட்டை அழுத்தினாள். கால் அந்தரத்தில் நின்றது.

"எவ்ளோ நேரம்?"

"பத்து எண்ணுற நேரம்."

"நெசமாவாமா?"

அப்போது நான் 'நெசமில்ல' என்று சொல்லியிருக்கலாம். கோபத்தில் உளறிவிட்டேன், நீ இழுத்துக்கொண்டேதான் இருந்தாய், என்னால் பிடிக்கவே முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கண்ணிமைக்காமல் பொய் சொன்னவள் நான். பெற்ற பெண்ணுக்கு ஒன்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"ஆமா," என்றேன்.

நான் சொன்னது உண்மை. ஆனால் அதை அவள் நன்மைக்காகச் சொல்லவில்லை. என் கையில் அந்தப் பின்னல் தொய்ந்து போனது அன்றைக்கே எனக்குத் தெரியும். பதினாறு வயசுக் குழந்தை பயந்து நிற்பதில் தப்பே இல்லை என்றும் தெரியும். யாருக்கும் சொல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருந்தேன். மூக்கு இல்லாதவள் என்று சொன்னாளே, அதற்காகத்தான் எடுத்து வீசினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள் நான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். டிவியை அணைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுத்துவந்து மடிக்க ஆரம்பித்தாள். என் புடவையையும் மடித்தாள்.

ஹாஸ்டல் பேச்சை அதற்கப்புறம் அவள் எடுக்கவில்லை. இங்கேயே பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். நான் சொன்ன குரூப்பை எடுத்தாள். அந்தத் தொடரை அவள் பார்ப்பதில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் நான் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், கால் வருகிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். பெண் இப்போது நன்றாக அடங்கிவிட்டாள் என்று அவள் அப்பாவுக்குச் சந்தோஷம். என்னோடு பேசுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்கிறாள். போன வாரம் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ரோட்டைக் கடக்க நின்றோம். லாரி ஒன்று தூரத்தில்தான் வந்தது, கடந்திருக்கலாம். அவள் எனக்குப் பின்னால் நகர்ந்து, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அது போகட்டும் என்றாள். அதற்குப் பின்னால் ஒரு ஆட்டோ வந்தது. அதுவும் போகட்டும் என்றாள். ரோடு காலியான பிறகும் நான் நடக்கத் தொடங்கும் வரைக்கும் அவள் காலை எடுத்து வைக்கவில்லை.