சனிக்கிழமைப் படத்துக்கு ஓட்டு

மந்தைவெளியில் 'சங்கரன் கேபிள்' என்று ஒன்று இருந்தது. அதற்கு முதலாளி, மேனேஜர், ஏணி தூக்குகிறவர் எல்லாமே சங்கரன்தான். ஆபீஸ் அவர் வீட்டுக் கூடம். தொண்ணூற்றிரண்டில் குமாஸ்தா வேலையை உதறிவிட்டு மொட்டை மாடியில் பெரிய டிஷ் ஒன்றை நிறுத்தினார். "எவன்கிட்டயும் லைசென்ஸுக்குக் கைகட்டிண்டு நிக்க வேண்டாம். திறமை இருந்தா தொழில், இல்லேன்னா ஆத்துல உக்காரு" என்று வருகிறவர் போகிறவரை நிறுத்திப் பிரசங்கம் செய்வார். படம் தெரிந்தால் சரி என்று அவர்கள் தலையாட்டினார்கள். அதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று நம்பினார் மனிதர். "அசடுன்னா சாதாரண அசடு இல்லை, டிஷ் வெச்ச அசடு" என்று பின்னாளில் தன்னையே சொல்லிக்கொள்வார்.

சுதந்திரமான தொழில் நடத்தினால் போதுமா? ஜனநாயகமும் வேண்டாமா? சனிக்கிழமை ராத்திரி தன் வீட்டு வி.சி.ஆரிலிருந்து எல்லா வீட்டு டிவிக்கும் என்ன படம் போடுவது என்பதற்கு ஓட்டெடுப்பு வைத்தார். காலையில் மூன்று படத்தின் பெயரை டிவியில் காட்டுவார். ஜனங்கள் போன் செய்து ஓட்டுப் போட வேண்டும். அதிகம் ஓட்டு வாங்கிய படம் ராத்திரி ஓடும். போனை எடுத்து ஓட்டைக் குறித்துக்கொள்வது மனைவி சூடாமணியின் வேலை. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் பென்சில்.

ஒரு தடவை அவளும் கேட்டாள். "பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒண்ணு லிஸ்டுல இருக்கே, அதுக்கு என் ஓட்டையும் போட்டுக்கட்டுமா?"

சங்கரன் பதறிப்போனார். "நன்னாருக்கு! தேர்தல் அதிகாரி ஆத்துக்கு ஓட்டு கிடையாது. நாளைக்கு ஒருத்தன் நாக்குமேல பல்லைப் போட்டுப் பேசப்படாது." சூடாமணி அடுத்த போனை எடுக்கப் போனாள். அன்றைக்கும் சண்டைப்படம்தான் ஜெயித்தது. வழக்கம்போல.

பக்கத்தில் குடிசைகள் நிறைந்த கால்வாய்க்கரையிலும் அவருக்கு நிறையக் கனெக்‌ஷன் உண்டு. அங்கே மீன் விற்கும் பாஞ்சாலி ஒருநாள் தெருவில் மடக்கினாள். "இன்னா சாரு, போனு கீற ஊட்டுக்குத்தான் ஓட்டா? நாங்களுந்தான துட்டு குடுக்கறோம்?"

"போன் வாங்கிப் போடேன், யார் வேண்டாம்னா?" என்றார் சங்கரன். போனுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. தனக்குப் போன் கிடைக்க மாமனாரின் சிபாரிசு தேவைப்பட்டது என்பது அந்த நிமிஷம் அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று.

அடுத்த வருஷம் துரைராஜ் வந்தான். சங்கரனுக்கே ஏழெட்டு மாதம் கூடமாட ஒயர் இழுத்துக் கொடுத்தவன். கால்வாய்க்கரைப் பையன். சொந்தமாக டிஷ் வைத்தான். என்ன படம் வேண்டும் என்று வீட்டு வாசலில் நின்றே கேட்டான். கால்வாய்க்கரை முழுக்க ஒரே மாதத்தில் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. பாதிக்கு மேல் வருமானம் போச்சு. டிஷ்ஷுக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. மற்ற வீடுகளும் போய்விட்டால் திரும்பவும் எவனிடமாவது குமாஸ்தா வேலை கேட்டுத்தான் நிற்க வேண்டும்.

லைசென்ஸ் என்றாலே எரிந்து விழுகிற அதே சங்கரன், எந்த ஆபீஸுக்குப் போனால் துரைராஜை நிறுத்தலாம் என்று வெயிலில் அலைந்தார். "கேபிளுக்கு இன்னும் சட்டமே வரல சார். வந்தா உங்களையும்தான் நிறுத்துவாங்க" என்றார் ஒரு ஆபீஸில் ஒருவர். சங்கரன் மோர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

கடைசியில் ஜனநாயகத்தையே கூப்பிட்டார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டி, 'ஒரு பேட்டைக்கு ஒரே கேபிள்' என்று தீர்மானம் கொண்டுவந்தார். போன் வைத்திருக்கிறவர்கள் தன்னைக் கைவிட மாட்டார்கள் என்று அசைக்க முடியாத நம்பிக்கை.

துரைராஜ் ஒன்றே ஒன்று கேட்டான். "தெறமை இருந்தா தொழிலுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

சங்கரன் போன் வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினார். எதிர் ஃபிளாட் சுந்தரராமன், வாரம் தவறாமல் முதல் போன் அடிக்கிறவர், எழுந்தார். "ரெண்டு பேர் இருந்தா ரிப்பேருக்குக் கூப்பிட்ட அன்னிக்கே வருவேளே, ஓய்! இருந்துட்டுப் போகட்டுமே."

தீர்மானத்துக்கு ஆதரவாகத் தூக்கிய கை ஒன்றே ஒன்று. சங்கரனுடையது. அதையும் சட்டென்று இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டார்.

செருப்பை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கூடத்து டிவியில் அவருடைய சேனலில் யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையிலிருந்து பாட்டுக் கேட்டது. பழைய பாட்டு. அவர் போடாத பாட்டு. எட்டிப் பார்த்தார். அரிசி டின் மேல் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய போர்ட்டபிள் டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடிற்று. சூடாமணி முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக ஒரு புது ஒயர் உள்ளே வந்திருந்தது.

"துரைராஜ் கேபிளா?"

"ஆமாம். ஒரு வாரமாச்சு."

"என் ஆத்துலயேவா, சூடா?"

"தேர்தல் அதிகாரி ஆத்துக்கு ஓட்டு கிடையாதுன்னேள். கனெக்‌ஷன் கிடையாதுன்னு சொல்லலையே" என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சங்கரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஒயரைப் பிடுங்கி எறியலாம் என்று இரண்டடி வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் அவர் சேனலை ஒரு நாளாவது இப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறாளா? அப்படியே நின்றுவிட்டார். அதற்குள் படம் ஆடி, கோடு கோடாகிக் கலைந்தது.

"ஐயோ, நல்ல எடத்துல!" என்றாள் சூடாமணி.

மாடியில் போட்ட ஒயர் முடிச்சு சரியில்லை என்று திரையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. டார்ச்சையும் குறடையும் எடுத்துக்கொண்டு மாடியேறினார். தன் பிழைப்பில் மண்ணைப் போட்டவனுடைய ஒயரைச் சீவி, இறுக்கி முறுக்கி, கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிக் குரல் கொடுத்தார்.

"சூடா! இப்ப நன்னாருக்கா, சொல்லு!"

அவளிடம் அவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.